கேட்காவ் அச்சகமும் ஒரு ஓடிபியும்

பூனாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் அஞ்சு நாள் ஹிஞ்சேவாடியில் பொட்டி தட்டும் உத்தியோகம். சனிக்கிழமை காலையில் மட்டும் ரெண்டு மணி நேரம் ஒரு பெண் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். (அன்றைக்கு வீட்டில் இட்லி ரங்கமணி பொறுப்பு. கல்லு மாதிரி வரும். ஆனாலும் வரும் :-)) அங்கே எல்லாரும் என்னை "தாயி" என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மராத்தியில் தாயி என்றால் அக்கா என்று அப்புறம்தான் தெரிந்தது.

போன மாசம் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி ஸ்க்ராட்ச்சில் ஒரு விளையாட்டு செய்து முடித்தாள். பூனை மழையில் நனையாமல் தெருவைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முழுக்க அவளே யோசித்தது. வெளியில் இருக்கும் பிள்ளைகளும் ஆடிப் பார்க்கட்டும், இணையத்தில் ஏற்றலாமா தாயி என்று கேட்டாள். அதற்குக் கணக்கு வேண்டும். கணக்குக்கு மின்னஞ்சல் வேண்டும். மின்னஞ்சல் திறக்கப் போனால் செல்போன் நம்பர் கேட்டது, ஓடிபி அனுப்ப. அங்கே பிள்ளைகளுக்குப் போன் கிடையாது. இருப்பது கண்காணிப்பாளர் அம்மாவின் போன் ஒன்றுதான், அன்றைக்கு அவர் லீவு. அடுத்த வாரம் கேட்டதற்கு, "இதெல்லாம் எதுக்கு? பரீட்சைக்கு வராதே" என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். காப்பகத்துப் பிள்ளைகளின் பெயரோ படமோ ஊடகங்களில் வரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, அதுவும் நியாயம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைப் புரட்டினேன். வெளியுலகத்துக் கருவியை இந்தப் பெண்கள் கையில் எவ்வளவு தூரம் கொடுப்பது என்ற கேள்வி இந்த ஊருக்கு ஒன்றும் புதிதில்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது.

பண்டித ரமாபாய் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1858இல் பிறந்தவர். 1870களில் தென்னாட்டைப் புரட்டிப்போட்ட பஞ்ச காலத்தில், கோயில் கோயிலாக நடந்து புராணம் படித்துப் பிழைத்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் பட்டினியில் போய்விட்டார்கள். ஆக, விடுதி நடத்தப் போனவரே ஒரு அனாதைப் பெண்தான். 1878இல் கல்கத்தா பண்டிதர்கள் அவருடைய சம்ஸ்கிருதத்தைக் கேட்டு அசந்துபோய் "பண்டிதை", "சரஸ்வதி" என்று பட்டம் கொடுத்தார்கள். 1889இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனைத் தொடங்கி, அடுத்த வருஷமே பூனாவுக்கு மாற்றினார். 1893இல் மதமாற்றப் புகார் கிளம்பி ஊரே ரெண்டுபட்டது. பல வீட்டார் பெண்களைத் திரும்பக் கூட்டிப் போய்விட்டார்கள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எழுத ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து பட்டினிப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்தார். பூனாவில் இடமில்லை. தவுண்ட் போகும் ரயில் பாதையில் கேட்காவ் என்ற ஊரில் வாங்கியிருந்த நிலத்தில் குடியேற்றினார். அதுதான் முக்தி. 1900 வாக்கில் அங்கே இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். நெசவு, விவசாயம், எண்ணெய் ஆட்டுவது என்று எல்லா வேலையும் பெண்களே செய்தார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அங்கே இருந்த அச்சகம்தான்.

பழைய அச்சுக்கோக்கும் வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஈயத் துண்டு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி இருக்கும். அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்க வேண்டும். இங்கிலீஷ் என்றால் பரவாயில்லை. தேவநாகரியில் கூட்டெழுத்துகள் இருப்பதால் நூற்றுக்கணக்கான அறைகள். எது எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ப்ரூப் எடுத்து, பிழை பார்த்து, தப்பான எழுத்தைப் பிடுங்கிச் சரியானதைச் செருகி, எல்லாம் அச்சான பிறகு ஈயத்தையெல்லாம் பழையபடி அறைகளில் பிரித்துப் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த பெண்கள் இதைக் கற்றார்கள். ரமாபாய் தானே மராத்தியில் மொழிபெயர்த்த பைபிளை இந்தப் பெண்கள்தான் கோத்து, அச்சடித்தார்கள். 1922இல் அவர் இறந்தார். புத்தகம் முழுதாக வெளிவந்தது 1924இல்.

ஸ்க்ராட்ச் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, ஓட்டிப் பார்த்து, பிழை எங்கே என்று தேடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈய எழுத்துகள்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கேட்காவில் அவர்கள் கோத்தது பழகிப் பார்ப்பதற்கான பக்கம் இல்லை. வெளியே போய், யாரோ படித்த புத்தகம்.

எங்கள் காப்பகத்துக்கு ஒரு நிறுவனம் எட்டு கம்ப்யூட்டர் கொடுத்தது. போட்டோ எடுத்தார்கள். நான் முதன்முதலில் போனபோது எட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன, தசராவுக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அறைச்சாவி ஆபீஸில். பாடத்திட்டம் என்று இருந்தது பெயிண்ட்டில் வீடும் தென்னை மரமும் வரைவது. மூன்று வருஷமாக அதே தென்னை மரம்.

ரமாபாயின் சாரதா சதனில் சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய். 1893இல் அவரை மணந்துகொண்டார் தோண்டோ கேசவ் கார்வே. ஃபெர்குசன் கல்லூரிக் கணக்கு வாத்தியார். இதற்காக ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. 1896இல் அவர் விதவைகளுக்காக ஆரம்பித்த விடுதி 1900இல் ஊருக்கு வெளியே ஹிங்கணேயில் ஒரு குடிசைக்குப் போனது. பெயர் "அநாத பாலிகாசிரமம்". (என் மாணவிகள் முன்னால் அந்த முதல் வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி!) தைத்துப் பிழைத்துக் கொள்ளட்டும் என்று விடாமல், படிக்க வைத்து ஆசிரியைகளாக, நர்சுகளாக வெளியே அனுப்பினார். அந்த ஹிங்கணேதான் இன்றைய கார்வே நகர். அங்கே அவருடைய சம்ஸ்தை 1991இல் பெண்களுக்காக ஒரு பொறியியல் கல்லூரியை ஆரம்பித்தது. அங்கே படித்துவிட்டு வந்த பெண்கள் ரெண்டு பேர் என் டீமிலேயே இருக்கிறார்கள். விதவைகளின் குடிசையில் தொடங்கியது கோடிங் வரைக்கும் வந்திருக்கிறது.

நம்ம ஊரிலும் இதே கதை உண்டு. சிறுவயதிலேயே கணவரை இழந்த சுப்பலட்சுமி 1911இல் சென்னையில் பி.ஏ. தேறினார். சித்தியின் துணையோடு தன்னைப் போன்ற பெண்களை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். அந்த விடுதி வளர்ந்து கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. பள்ளிக்கூடங்களுக்குப் பெண் ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. அரசுக்குத் தேவை இருந்த இடமாகப் பார்த்துத் தன் பெண்களைத் தயார் செய்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் 1930களின் தொடக்கத்தில், வேறு எந்த விடுதியும் சேர்க்க மறுத்த பெண்களுக்காகத் திறந்த கதவு.

நம்மில் பல பேர் வடக்கே வந்ததே இப்படி ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டுதானே? எங்கள் பெரியப்பா 1960களில் மாதுங்காவில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டி, டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட், கொஞ்சம் ஷார்ட்ஹேண்ட். அந்தச் சர்டிபிகேட்தான் ரயில் டிக்கெட், வீட்டு வாடகை, ரெண்டு தங்கைகளின் கல்யாணம். ஆனால் பெரியப்பாவுக்கு வந்து இறங்கியதும் பாய் போட ஒரு மாமா வீடு இருந்தது. என் மாணவிகளுக்கு அது கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் என்றால் கேக். அவர்களுக்கு அது பெட்டி கட்டும் நாள். 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் இருபத்தொரு வயது வரை பின்கவனிப்பு என்று ஒன்று உண்டு. அது எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

கம்ப்யூட்டர் இவர்களிடம் வந்து சேர்ந்தது ரொம்ப தாமதமாகத்தான். 1984இல் அரசின் கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் பள்ளிக்கூடங்களுக்குப் போயின, காப்பகங்களுக்கு அல்ல. 1999இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தார், தெருப் பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொண்டார்கள் என்று உலகமே கொண்டாடியது. நல்ல விஷயம்தான். ஆனால் தெருவுக்கே வர அனுமதி இல்லாத பெண்ணுக்குச் சுவரில் இருக்கும் கணினியால் என்ன பிரயோஜனம்? ஸ்க்ராட்ச் வந்தது 2007இல். கோடிங் பையன்கள் வேலையா தாயி என்று ஒருத்தி கேட்டபோது, 1946இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள் என்று சொன்னேன். நம்பவில்லை. படம் காட்டினேன். அந்தப் புடவை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாள் :-) (அது கவுன்மா!)

சரி, அந்தப் பூனைக்கு வருவோம். மூன்றாவது சனிக்கிழமை கண்காணிப்பாளர் அம்மாவை உட்கார வைத்து விளையாட்டை ஆடச் சொன்னோம். மூன்று தடவை பூனையை நனைத்துவிட்டார். நான்காவது தடவை தாண்டிவிட்டது. பேசாமல் போனை எடுத்து மேஜையில் வைத்தார். சொந்தப் பெயர் இல்லாமல், அவளே வைத்துக்கொண்ட ஒரு புனைபெயரில் கணக்கு திறந்தோம். அவர் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அவள் அடித்தாள். அடுத்து பாஸ்வேர்ட் கேட்டது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றாள்.

திரும்பிக்கொண்டோம்.