ஒலிம்பிக் நீச்சல் தகுதி முறை (இந்தியா)

ஒலிம்பிக் நீச்சல் தகுதி முறை என்பது ஒலிம்பிக் விளையாட்டுகளின் நீச்சற் போட்டிகளில் ஒரு நாட்டின் சார்பாக யார் நீந்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு ஆகும். இவ்விதிகளைப் பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு வகுக்கின்றது. 1908ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு நெடுங்காலம் ஃபினா என்று அழைக்கப்பட்டது. 2022 திசம்பரில் இதன் பெயர் வேர்ல்டு அக்குவாட்டிக்ஸ் என மாற்றப்பட்டது. இந்தியாவில் வீரர்களைத் தெரிவு செய்து பரிந்துரைக்கும் பொறுப்பு இந்திய நீச்சல் கூட்டமைப்பைச் சேர்ந்தது. அவர்களின் பெயர்களை ஒலிம்பிக் போட்டிக்கு முறைப்படி அளிப்பது இந்திய ஒலிம்பிக் சங்கம் ஆகும்.

ஒலிம்பிக்கில் நீந்திய இந்தியர் பலர் உள்ளனர். எனினும் முதல்தரத் தகுதி நேரத்தை எட்டி, எவருடைய அழைப்புக்கும் காத்திராமல், தமது உரிமையாகவே இடம் பெற்ற முதல் இந்தியர் சஜன் பிரகாஷ் ஆவார். இது 2021ஆம் ஆண்டு சூன் 26 அன்று நிகழ்ந்தது.

அடிப்படை

ஆக்கி, கால்பந்து போன்ற குழு விளையாட்டுகளில் ஓர் அணி மற்றோர் அணியை வென்று தகுதி பெறுகின்றது. நீச்சலில் தகுதி பெரும்பாலும் கடிகாரத்தை வைத்தே முடிவாகின்றது. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றது. குறிப்பிட்ட காலத்துக்குள், ஏற்பு பெற்ற ஒரு போட்டியில், அந்நேரத்துக்குள் நீந்தி முடிப்பவர் தகுதி பெறுகின்றார். தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றவரும் அந்நேரத்தை எட்டாவிட்டால் தகுதி பெற்றவர் ஆகார்.

தகுதிக்காகக் கொள்ளப்படும் நேரம் பின்வரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும்.

- 50 மீட்டர் நீளமுள்ள குளத்தில் எடுக்கப்பட்டதாக இருத்தல். 25 மீட்டர் குளத்தில் எடுத்த நேரம் ஏற்கப்படாது. சிறிய குளத்தில் சுவரை உதைத்துத் திரும்பும் வாய்ப்புகள் மிகுதி. அதனால் அங்கு நேரம் குறைவாகவே அமையும்.
- பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்ற போட்டியில் எடுக்கப்பட்டதாக இருத்தல்.
- அறிவிக்கப்பட்ட தகுதிக் காலத்துக்குள் எடுக்கப்பட்டதாக இருத்தல். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிக் காலம் 2019 மார்ச்சு 1 முதல் 2021 சூன் 27 வரை ஆகும். பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அது 2023 மார்ச்சு 1 முதல் 2024 சூன் 23 வரை ஆகும்.

தகுதிக் காலத்துக்கு முன்னர் எடுத்த நேரம் தேசிய சாதனையாகவே இருப்பினும் கணக்கில் சேராது.

தகுதி பெறும் வழிகள்

தனிநபர் போட்டிகளில் இடம் பெற மூன்று வழிகள் உள்ளன.

1. ஒலிம்பிக் தகுதி நேரம். இது பேச்சுவழக்கில் 'ஏ' தகுதி எனப்படும். இந்நேரத்தை எட்டியவருக்கு இடம் உறுதி. ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து இருவர் வரை செல்லலாம். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான நேரங்கள், டோக்கியோ ஒலிம்பிக்கின் முதற்சுற்றில் 14ஆவது இடம் பெற்றவரின் நேரத்தை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டன.

2. இரண்டாம் நிலை நேரம். இது 'பி' தகுதி எனப்படும். டோக்கியோவுக்கு இந்நேரம் 'ஏ' நேரத்தைவிட 3 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பாரிசுக்கு இவ்விடைவெளி 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதனை எட்டியவருக்கு இடம் உறுதி இல்லை. மொத்த வீரர் எண்ணிக்கையில் இடம் எஞ்சியிருந்தால் மட்டுமே அழைப்பு வரும். அவ்வாறும் ஒரு நாட்டிலிருந்து ஒரு போட்டிக்கு ஒருவரே செல்ல முடியும்.

3. உலகளாவிய பங்கேற்பு இடம். தகுதி பெற்ற வீரர் இல்லாத நாடுகளும் ஒலிம்பிக்கில் பங்கேற்க வேண்டும் என்பதற்காக ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இவ்விடம் அளிக்கப்படுகின்றது. புள்ளிகளில் நாட்டிலேயே முன்னணியில் உள்ளவர் இதற்குப் பரிந்துரைக்கப்படுகின்றார். உலக சாதனைக்கு 1000 புள்ளிகள் என்ற அளவில் இப்புள்ளிகள் கணக்கிடப்படுவதால், வெவ்வேறு பாணியில் நீந்தும் இருவரையும் ஒப்பிட இயலும்.

தொடர் நீச்சல் போட்டிகளுக்குத் தனி விதிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் 16 நாடுகளின் அணிகள் பங்கேற்கும்.

மொத்த எண்ணிக்கையின் வரம்பு எவ்வளவு கடுமையானது என்பதற்கு 2021ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று சான்றாகும். டோக்கியோவில் குளத்தில் நீந்துவோரின் எண்ணிக்கை 878 என வரையறுக்கப்பட்டிருந்தது. போலந்து நாட்டிலிருந்து 23 பேர் டோக்கியோ சென்றிருந்தனர். அந்நாட்டுக்கு 17 இடங்களே உண்டு என்பது பின்னர் தெரியவந்தது. எஞ்சிய 6 பேர் ஒரு முறைகூட நீந்தாமல் ஊர் திரும்பினர்.

நாடுகளின் தெரிவு முறைகள்

'ஏ' நேரத்தை எட்டியவர் பலர் உள்ள நாட்டில், அவர்களுள் இருவரை எவ்வாறு தெரிவது என்பதே சிக்கலாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் இதற்கெனத் தனித் தெரிவுப் போட்டி நடத்துகின்றது. ஒவ்வொரு தனிநபர் போட்டியிலும் முதல் இரண்டு இடங்களைப் பெறுவோரே தனிநபர் இடத்துக்கு உரியவர். மூன்றாவது வந்தவர் உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராக இருந்தாலும் அப்போட்டியில் நீந்த முடியாது. 2024இல் இத்தெரிவுப் போட்டி இண்டியானாபொலிசு நகரின் அமெரிக்கக் காற்பந்து அரங்கினுள் அமைக்கப்பட்ட தற்காலிகக் குளத்தில் நடைபெற்றது.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கு வீரர் முந்த வேண்டியது அடுத்த தடத்தில் நீந்துபவரை அன்று; அறிவிக்கப்பட்ட நேரத்தையே ஆகும். எனவே இந்திய வீரர்கள் தகுதிக் காலத்தில் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் பலமுறை சென்று முயல்கின்றனர். தம்மைவிட விரைவாக நீந்துவோர் பக்கத்துத் தடங்களில் இருப்பது நேரத்தைக் குறைக்க உதவுகின்றது.

இந்தியாவின் பங்கேற்பு வரலாறு

தொடக்க காலத்தில் இன்றுள்ளது போன்ற தகுதி நேரங்கள் இல்லை. நாடு அனுப்பியவர் நீந்தினார். 1948, 1952 ஒலிம்பிக்குகளில் சச்சின் நாக் பங்கேற்றார். இவர் 1951இல் புது தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றவர். 1952இல் எல்சிங்கியில் டாலி நசீர், ஆரத்தி சாகா ஆகிய இரு பெண்கள் நீந்தினர். 1986 ஆசிய விளையாட்டுகளில் வெள்ளி வென்ற கசான் சிங் 1988 சியோல் ஒலிம்பிக்கில் பங்கேற்றார்.

தகுதி நேரங்கள் நடைமுறைக்கு வந்தபின் இந்தியரின் பங்கேற்பு 'பி' நேரம் அல்லது உலகளாவிய பங்கேற்பு இடம் வழியாகவே அமைந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விர்தவல் காடே, சந்தீப் செஜ்வால், அங்குர் பொசேரியா, ரெஹான் பொன்சா ஆகிய நால்வர் நீந்தினர். அன்றைய விதிப்படி 'ஏ' நேரம் பெற்ற இருவரையோ, 'பி' நேரம் பெற்ற ஒருவரையோ ஒரு போட்டிக்கு அனுப்ப முடிந்தது. 2012இல் விதி கடுமையாக்கப்பட்டது. அவ்வாண்டு இலண்டனில் ககன் உள்ளால்மட் ஒருவர் மட்டுமே நீந்தினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சஜன் பிரகாஷ், சிவானி கட்டாரியா ஆகிய இருவரும் உலகளாவிய பங்கேற்பு இடம் பெற்றுச் சென்றனர்.

2021: முதல் 'ஏ' தகுதி

சஜன் பிரகாஷ் 1993இல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர். இவருடைய தாயார் சாந்திமோள் ஒரு தடகள வீராங்கனை; நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆகவே சஜன் வளர்ந்ததும் நீந்தப் பழகியதும் தமிழ்நாட்டின் நெய்வேலியில் ஆகும். பின்னர் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் பயின்றார்.

ரியோவில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலில் இவர் எடுத்த நேரம் 1 நிமிடம் 59.37 நொடி ஆகும். டோக்கியோவுக்கான 'ஏ' நேரம் 1 நிமிடம் 56.48 நொடி. இடையில் கழுத்துப் பகுதியில் ஏற்பட்ட காயம் இவரை வாட்டியது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் இந்தியாவின் நீச்சற் குளங்கள் மூடப்பட்டன. பல மாதங்கள் வரை வீரர்களுக்கும் அவை திறக்கப்படவில்லை. ஓட்டப்பந்தய வீரர் சாலையிலாவது ஓடலாம். நீச்சல் வீரருக்குத் தண்ணீர் இன்றிப் பயிற்சி இல்லை.

தகுதிக் காலம் முடிய ஒரு நாள் மட்டுமே இருந்த நிலையில், 2021 சூன் 26 அன்று, ரோம் நகரில் நடந்த செட்டே கோலி போட்டியில் சஜன் 1 நிமிடம் 56.38 நொடியில் நீந்தினார். தகுதி நேரத்தைவிட இது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு குறைவு. அவ்வேகத்தில் நீந்துபவர் அந்நேரத்தில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 17 செ.மீ.; அதாவது ஒரு சாணுக்கும் குறைவு.

மறுநாள், தகுதிக் காலத்தின் கடைசி நாளில், அதே குளத்தில் பெங்களூரைச் சேர்ந்த சிறீஹரி நடராஜ் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் 53.77 நொடி எடுத்தார். தகுதி நேரம் 53.85 நொடி. அவர் நீந்தியது தனியே நேரம் குறிக்கும் ஓட்டம் என்பதால் அது செல்லுமா என்ற ஐயம் எழுந்தது. சில நாட்களில் பன்னாட்டுக் கூட்டமைப்பு அதனை ஏற்றுக்கொண்டது. இவர்களுடன் மானா பட்டேல் உலகளாவிய பங்கேற்பு இடம் பெற்று டோக்கியோ சென்றார்.

டோக்கியோவில் இம்மூவரும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. சஜன் 1 நிமிடம் 57.22 நொடியும் சிறீஹரி 54.31 நொடியும் எடுத்தனர். தகுதிக்காக ஒரு முறையும் ஒலிம்பிக்குக்காக மறுமுறையும் சில வார இடைவெளியில் உச்ச நிலையை எட்ட வேண்டியிருப்பது, எல்லை நேரத்தில் உள்ள வீரர்களுக்குரிய இடர்ப்பாடு ஆகும்.

பாரிஸ் 2024

பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதி நேரங்கள் மேலும் குறைந்தன. 100 மீட்டர் மல்லாந்த நீச்சலுக்கு அது 53.74 நொடி. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணிக்கு 1 நிமிடம் 55.78 நொடி. ரோமில் சிறீஹரியைத் தகுதி பெறச் செய்த அதே நேரம் பாரிசுக்கு 0.03 நொடி போதாமல் ஆகியிருக்கும். உலக வீரர்கள் முன்னேறும்போது தகுதி நேரமும் முன்னேறுகின்றது. ஆகவே நின்ற இடத்திலேயே நிற்பவர் பின்தங்குகின்றார்.

பாரிசுக்கு இந்தியரில் எவரும் 'ஏ' நேரத்தை எட்டவில்லை. சிறீஹரி நடராஜும், அப்போது 14 அகவையினரான தினிதி தேசிங்கும் உலகளாவிய பங்கேற்பு இடம் பெற்றனர்.

கொங்கு நாட்டு மாணவரும் தகுதிப் படிகளும்

கோயம்புத்தூர்–சத்தியமங்கலம் சாலையில் அமைந்த அன்னூர் போன்ற ஊர்களில் பிள்ளைகள் நீந்தப் பழகும் இடம் பெரும்பாலும் தோட்டத்துக் கிணறு ஆகும். முதுகில் சுரைக்குடுக்கையோ நெகிழிக் குடுவையோ கட்டி இறக்கிவிடுவது இப்பகுதியின் பழைய பயிற்று முறை. இவ்வாறு பழகியவர்க்குத் தண்ணீர் அச்சம் நீங்குகின்றது. மூச்சடக்கும் ஆற்றலும் வாய்க்கின்றது. ஆயினும் கிணற்றில் நேராக 50 மீட்டர் நீந்த இயலாது. மேடையிலிருந்து பாய்தல், சுவரில் புரண்டு திரும்புதல், ஒரே சீராகக் கைவீசுதல் ஆகியவற்றை அங்கு பழக முடியாது. 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்துபவர் மூன்று முறை திரும்புகின்றார். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படும் போட்டியில் ஒவ்வொரு திருப்பமும் முடிவை மாற்ற வல்லது.

அத்தகைய மாணவர் ஒருவர் கடக்க வேண்டிய படிகள் பின்வருமாறு.

- பயிற்சியாளர் உள்ள ஒரு குளத்தில் சேர்ந்து பழகி, மாநிலச் சங்கத்தின் வழியாக வீரராகப் பதிவு பெறுதல்.
- பள்ளி விளையாட்டுகள், முதலமைச்சர் கோப்பை போன்ற மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பங்கேற்றல்.
- மாநில வாகையர் போட்டியில் நீந்தி மாநில அணியில் இடம் பெறுதல். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுகளுக்காக அமைக்கப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் தமிழ்நாட்டின் முதன்மையான போட்டிக் குளம் ஆகும்.
- தேசிய இளையோர் போட்டியிலும், பின்னர் தேசிய முதுநிலைப் போட்டியிலும் நீந்துதல்.
- பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்றுத் தகுதி நேரத்துக்கு முயலுதல்.

நீரிணை நீச்சலும் ஒலிம்பிக்கும்

கொங்கு நாட்டின் ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டில், தமது 13ஆம் அகவைக்குள், ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்து புகழ் பெற்றார். அவருக்கு அருச்சுனா விருது வழங்கப்பட்டது. ஆயினும் இத்தகைய நெடுந்தொலைவு நீச்சலுக்கு அக்காலத்தில் ஒலிம்பிக்கில் இடம் இல்லை. 10 கி.மீ. திறந்தநீர் நீச்சல் 2008 பெய்ஜிங்கில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கும் தகுதி, நேரத்தால் அன்றித் தகுதிப் போட்டிகளில் பெறும் இடத்தால் முடிவாகின்றது. அலையும் நீரோட்டமும் கடலுக்குக் கடல் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

2028 மாற்றங்கள்

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வண்ணத்துப்பூச்சி, மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல் ஆகிய மூன்று பாணிகளிலும் 50 மீட்டர் போட்டிகள் ஆடவர், மகளிர் இருபாலர்க்கும் சேர்க்கப்படும் என 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. விர்தவல் காடே 2010 ஆசிய விளையாட்டுகளில் 50 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணியிலும், சந்தீப் செஜ்வால் 2014இல் 50 மீட்டர் மார்பு நீச்சலிலும் வெண்கலம் வென்றனர். அவ்விரு போட்டிகளும் அப்போது ஒலிம்பிக்கில் இல்லை. தம்முடைய சிறந்த போட்டியிலேயே ஒலிம்பிக் தகுதிக்கு முயலும் வாய்ப்பு, இவர்களுக்குப் பின்வரும் குறுந்தொலைவு வீரர்களுக்குக் கிடைக்கின்றது.