சிஞ்சு அறிவியல் பூங்கா

சிஞ்சு அறிவியல் பூங்கா, தைவானின் வடமேற்கில், தைபே நகரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தென்மேற்கே அமைந்துள்ள உயர்தொழில்நுட்பத் தொழிற்பகுதி. 1980 டிசம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. வளரும் பொருளாதாரங்களில் எழுந்த அறிவியல் பூங்காக்களுள், ஒரு வட்டாரத்தின் தொழில்முகத்தையே மாற்றியதில் இதுவே தலையாயது.

முன்வரலாறு: பலத்த காற்றுக்கும் அரிசிச் சேமியாவுக்கும் கண்ணாடித் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர் சிஞ்சு. சீன உள்நாட்டுப் போருக்குப் பின் தைவானில் மீண்டும் நிறுவப்பட்ட சிங்குவா பல்கலைக்கழகம் 1956இலும், சியாவோதுங் பல்கலைக்கழகம் 1958இலும் இங்கே தொடங்கின. 1973இல் அரசு ஆதரவுடன் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் அமைந்தது. பூங்காவுக்கு வாயில் கட்டப்படும் முன்பே அதில் உழைக்கவேண்டியவர்களை உருவாக்கும் இடங்கள் அருகில் இருந்தன. பிற்காலத்தில் இதைப் பின்பற்ற முயன்ற பலர் கவனிக்கத் தவறியது இந்த வரிசைமுறையைத்தான்.

1966இல் தைவானின் காவோசியுங் துறைமுகத்தில் திறக்கப்பட்ட ஏற்றுமதி வளாகம் மலிவான உழைப்பை நம்பியிருந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அவ்வழியின் எல்லையைக் காட்டியது. 1974 பிப்ரவரியில் தைபேயின் சோயாப்பால் கடை ஒன்றில் நடந்த காலைச் சிற்றுண்டிச் சந்திப்பில், பொருளாதார அமைச்சர் சுன் யுன்சுவான், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய பான் வென்யுவான் உள்ளிட்டோர் மின்னணுச் சில்லுத் தொழிலைத் தேர்ந்தெடுத்தனர். 1976இல் ஆர்.சி.ஏ.வுடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் கையெழுத்தானது. இளம் பொறியாளர்கள் அமெரிக்கா சென்று பயின்று வந்தனர். 1977இல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை ஆலை இயங்கத் தொடங்கி, கைக்கடிகாரச் சில்லுகளைச் செய்தது.

அமைப்பு: பூங்காத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சூ சியென்சியு. கணித அறிஞரான இவர் சிங்குவாவின் தலைவராகவும், பின்னர் தேசிய அறிவியல் மன்றத் தலைவராகவும் இருந்தார். பூங்காவில் நிலம் விற்கப்படுவதில்லை, குத்தகைக்கே விடப்படுகிறது. தொடக்கக்கால நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு வருமானவரி விலக்கும், கருவி இறக்குமதிக்குச் சுங்கவரி விலக்கும் கிடைத்தன. அமெரிக்காவிலிருந்து குடும்பத்துடன் திரும்பிய பொறியாளர்களின் பிள்ளைகளுக்காக இருமொழி வகுப்புகள் கொண்ட பள்ளி நடத்தப்பட்டது. திறமையை வரவழைப்பவர்கள் குடும்பத்தையும் சேர்த்தே வரவழைக்க வேண்டும் என்று உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

நிறுவனங்கள்: ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1980இல் யூ.எம்.சி. பிரிந்து வந்தது. 1985இல் நிலையத்தின் தலைமையை ஏற்ற மோரிஸ் சாங், 1987இல் டி.எஸ்.எம்.சி.யை நிறுவினார். தனக்கென எதையும் வடிவமைக்காமல் பிறர் வடிவமைத்த சில்லுகளைச் செய்துகொடுப்பதே அதன் தொழில். முதலீட்டில் ஏறத்தாழ பாதி அரசுடையது; கால் பங்குக்குச் சற்று மேல் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனத்துடையது. ஆலை கட்டப் பணமில்லாத சிறு வடிவமைப்பு நிறுவனங்கள் இதனால் பிழைத்தன. அவற்றுள் பல சிஞ்சுவிலேயே தோன்றின.

காரணங்கள்: இவ்வளர்ச்சிக்கு வேராக இருந்தது அரசின் நீண்டகால ஆராய்ச்சி முதலீடு. நிலமும் வரிச்சலுகையும் துணைக்காரணங்கள். தனியார் முனைப்பு இந்த அடித்தளத்தின் மேல் வளர்ந்ததே.

இன்றைய நிலை: 1999 செப்டம்பர் நிலநடுக்கத்தின்போது இங்கு உற்பத்தி தடைபட்டதால் உலகச் சந்தையில் நினைவகச் சில்லு விலை உயர்ந்தது. 2021 வறட்சியில், ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் நீர் கிடைப்பதற்காக, சிஞ்சு உள்ளிட்ட பகுதிகளில் வயல்களுக்குப் பாசனநீர் நிறுத்தப்பட்டது. பூங்கா தற்போது சூனான், லோங்தான், தோங்லுவோ, யீலான் ஆகிய இடங்களிலும் விரிந்துள்ளது.