சுமாரான ஒரு அட்டை ஊரைப் பிடித்த கதை

இன்றைக்கு நெட்வொர்க் கார்டு என்று தனியாகக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆனால் 1982-ல் ஐபிஎம் பிசிக்காக த்ரீகாம் நிறுவனம் ஈதர்லிங்க் அட்டையைக் கொண்டுவந்தபோது அதன் விலை 950 டாலர். அதற்கு முந்தைய வருடம் வெளியான ஐபிஎம் பிசியின் அடிப்படை மாடலே 1,565 டாலர்தான். கம்ப்யூட்டர் விலையில் பாதிக்கு மேல் ஒரு அட்டைக்கே போச்சு!

ஈதர்நெட் பிறந்தது 1973-ல், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில். ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் செய்த அந்த முதல் வடிவத்தின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1979-ல் த்ரீகாமைத் தொடங்கியவர்களில் ஒருவர் இதே மெட்காஃப். 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டின் விதிகளை வெளியிட்டன. விதிகள் பொதுவாகிவிட்டன, சரி. அட்டை மலிவானது எப்படி?

இங்கேதான் நாவல் நிறுவனம் வருகிறது. அவர்கள் விற்க நினைத்தது நெட்வேர் என்ற மென்பொருளை. அட்டை விலை அதிகமாக இருந்தால் நெட்வேரை யார் வாங்குவார்கள்? அதனால் நேஷனல் செமிகண்டக்டரின் 8390 சில்லை வைத்துத் தாங்களே மலிவான அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். 8 பிட் ஸ்லாட்டுக்கு என்.ஈ.1000, 16 பிட் ஸ்லாட்டுக்கு என்.ஈ.2000. கடையில் கிடைக்கும் சில்லு, எளிய வடிவமைப்பு. தைவான் நிறுவனங்கள் உட்பட பலரும் நகல் எடுத்துத் தள்ளினார்கள்.

உண்மையைச் சொன்னால் என்.ஈ.2000 பிரமாதமான அட்டை இல்லீங்க. அதில் இருந்த நினைவகம் 16 கிலோபைட். வந்து சேரும் தகவல் அங்கே காத்திருக்கும். பிராசசர்தான் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தில் பிராசசருக்கு வேறு வேலை ஓடாது. இன்டரப்ட் எண்ணை ஜம்பர் மாற்றி அமைக்க வேண்டும். வழக்கமாக 3-ல் வைத்து அனுப்புவார்கள். இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் அதே 3 என்பதால், அங்கே மோடம் இருந்தால் இரண்டுக்கும் சண்டை.

அப்புறம் எப்படி ஜெயித்தது? என்.ஈ.2000-க்கு எழுதிய டிரைவர், நகல்களிலும் பெரும்பாலும் அப்படியே ஓடியது. அட்டை செய்பவருக்கு டிரைவர் எழுதும் செலவு மிச்சம். பெட்டியில் 'என்.ஈ.2000 கம்பாட்டிபிள்' என்று போட்டால் போதும். லினக்ஸ் பிறந்த கொஞ்ச காலத்திலேயே, 1990-களின் தொடக்கத்தில், டொனால்ட் பெக்கர் இந்தக் குடும்பத்துக்கு ஒரு டிரைவர் எழுதினார். நாசாவில் வேலை பார்த்த அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் 1994-ல் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டில் இணைத்து பேவுல்ஃப் என்ற கூட்டுக் கணினியை உருவாக்கினார்கள். விலை உயர்ந்த சூப்பர் கம்ப்யூட்டர் செய்த வேலைகளில் சிலவற்றைக் கடைச் சரக்கை வைத்தே செய்யலாம் என்று காட்டியது அது. மலிவான அட்டையும் கையில் டிரைவரும் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது.

ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் போய் பி.சி.ஐ. வந்த பிறகும் ரியல்டெக்கின் 8029 சில்லு, தன்னை என்.ஈ.2000 மாதிரியே காட்டிக்கொண்டது. இன்றும் க்யூஇஎம்யு என்ற எமுலேட்டரில் பழைய இயங்குதளத்தை ஓட்டுபவர்கள் இந்த அட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். நிஜ அட்டையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சு. அதோடு பேசும் முறை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

த்ரீகாமிடம் இதைவிட நல்ல அட்டைகள் இருந்தன. ஆனால் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதாக இருந்தது என்.ஈ.2000. சின்ன ஆபீஸ், கல்லூரி லேப் வரைக்கும் நெட்வொர்க் போய்ச் சேர்ந்ததில் அந்த மலிவுக்குப் பெரிய பங்கு உண்டு.