ஒலித்தட்டைக் கழுவிய கருவிகள்

1959ஆம் ஆண்டு கெய்ரோவில் லபீப் அஸ்ஸயீத் என்னும் எகிப்திய அறிஞர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். திருக்குர்ஆன் முழுவதையும் தஜ்வீத் இலக்கணம் வழுவாத ஓதலில் ஒலித்தட்டுகளில் பதிந்து வைக்க வேண்டும் என்பதே அத்திட்டம். ஓதும் பொறுப்பு ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961இல் ஹஃப்ஸ் வழி ஓதல் முழுமையாகத் தட்டுகளில் வெளிவந்தது. இறைமறை ஒருபோதும் தட்டை நம்பி நின்றதில்லை. அது நெஞ்சங்களிலும் ஏடுகளிலும் காக்கப்பட்டு வருவது. ஆயினும் ஒரு காரீயின் குரலை, அவருடைய மூச்சின் நீளத்தை, வக்ஃபு செய்யும் இடத்தில் அவர் விடும் அமைதியை ஏடு காட்டாது; தட்டுதான் காட்டும்.

நம் கடற்கரை ஊர்களில் கதை வேறு குரலில் தொடங்குகிறது. 2015இல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் பாடல்கள் வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது ஒலிநாடாப் பேழை வழியாக அன்று. சிறிய கறுப்புத் தட்டுகள் வழியாகத்தான். பேழை வந்ததும் தட்டு பரணுக்கு ஏறியது. உப்புக்காற்றும் மழைக்காலத்து ஈரமும் சாம்பிராணிப் புகையும் பல்லாண்டுகள் அதன் மேல் படிந்தன. இன்று அவற்றை இறக்கி எடுப்பவர் காண்பது வெறும் தூசு அன்று. புகைப்பிசுக்கும் விரல் எண்ணெயும் பூஞ்சணமும் கலந்து இறுகிய ஒரு படலம். இதை எதைக்கொண்டு நீக்குவது? இக்கேள்விக்கு அறுபது எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறியாமல் கருவி வாங்குவோர் பெரும்பாலும் தவறான கருவியையே வாங்குகின்றனர்.

வினைல் வருவதற்கு முன்னர் இச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டு, அரக்கையும் கல்தூள் போன்ற கனிமப் பொடிகளையும் கலந்து செய்யப்பட்டது. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. அதன் வரிப்பள்ளம் அகலமானது. அதில் ஓடிய எஃகு ஊசி கனமானது. தட்டின் இரைச்சலே பெரிதாக இருந்ததால் தூசின் இரைச்சல் அதற்குள் அடங்கிப் போயிற்று. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்டநேரத் தட்டை வெளியிட்டது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுழற்சித் தட்டைக் கொண்டுவந்தது. இவை வினைலால் ஆனவை. பழைய ஊசியின் முனை ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு என்றால், புதிய ஊசியின் முனை ஒரு பங்குதான். பள்ளம் சுருங்கியதும் முன்பு பொருட்படுத்தப்படாத தூசுத்துகள் பாறையாகிவிட்டது.

வினைலுக்கு மற்றொரு குணமும் உண்டு. உறையிலிருந்து உருவும்போதே அதில் நிலைமின்சாரம் ஏறி, சுற்றியுள்ள தூசைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஊசியின் எடை ஒன்றிரண்டு கிராம்தான் எனினும் அது தொடும் பரப்பு மிகமிகச் சிறியது. ஆகவே அழுத்தம் மிகப் பெரிது. வழியில் கிடக்கும் துகளை ஊசி பள்ளத்தின் சுவருக்குள் அழுத்திப் பதித்துவிடுகிறது. நம் வீடுகளில் இருந்த பெட்டிவகைத் தட்டிசைப்பான்களின் ஊசி இன்னும் கனமானது. அழுக்குத் தட்டை, 'முதலில் ஒருமுறை போட்டுக் கேட்போம், பிறகு துடைப்போம்' என்று ஓடவிடுவது அதற்கு இழைக்கும் பெருந்தீங்கு என்பதற்குக் காரணம் இதுவே.

தூசுக்கு எதிராக முதலில் முறையாக முனைந்தவர்களுள் ஒருவர் செசில் வாட்ஸ் என்னும் ஆங்கிலேயர். பள்ளங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படமெடுத்து, அழுக்கு எங்கே தங்குகிறது என்று ஆராய்ந்தவர். 1950களில் அவர் செய்த 'டஸ்ட் பக்' என்னும் சிறு கருவி, தட்டு சுழலும்போதே ஊசிக்கு முன்னால் ஓடித் தூசைத் திரட்டும். ஒரு மெல்லிய கைப்பிடி, அதன் நுனியில் சில மயிர்கள், பின்னால் ஒரு பஞ்சு உருளை, அவ்வளவுதான். உலகெங்கும் விற்றது. 1970களில் அமெரிக்காவிலிருந்து வந்த 'டிஸ்க்வாஷர்' என்னும் மரப்பிடித் துடைப்பானும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: ஒருபக்கம் சாய்ந்த இழைகள் கொண்ட துணி, சில துளி நீர்மம். நன்றாக வைத்திருக்கும் தட்டின் அன்றாடத் தூசுக்கு இவை போதும். இவற்றைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் பரணிலிருந்து இறங்கிய தட்டில் இவற்றை ஓட்டினால் நிகழ்வது வேறு. மேலே கிடந்த பிசுக்கு ஈரமாகி, இளகி, பள்ளத்தின் அடிக்குச் சென்று, காய்ந்து அங்கேயே அமர்ந்துவிடும். தட்டு கண்ணுக்குப் பளபளக்கும். காதுக்கு முன்னிலும் மோசமாக ஒலிக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பெர்சி வில்சன். 'கிராமபோன்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில இதழின் தொழில்நுட்ப ஆலோசகராக விளங்கியவர். ஊசிக்கை தட்டின் மீது எக்கோணத்தில் நகர வேண்டும் என்பதை 1924லேயே கணக்கிட்டுக் காட்டியவர். தட்டில் அழுக்கு சேரும் காரணங்களையும் அதற்கான தீர்வையும் ஆராய்ந்து 1965இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் வகுத்த முறையின் சாரத்தை இவ்வாறு சொல்லலாம்: தட்டைக் கழுவுவது பாதி வேலை, கழுவிய நீர் காய்வதற்கு முன்னர் அதைப் பள்ளத்திலிருந்து உறிஞ்சி எடுப்பது மறுபாதி. துடைத்தும் ஆவியாக விட்டும் அந்த மறுபாதியை நிறைவேற்ற இயலாது. நீர் மட்டுமே ஆவியாகும். அதில் கரைந்த அழுக்கு ஆவியாகாது.

வில்சனின் முறையைப் பொறியாக்கியவர் கீத் மாங்க்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1960களின் இறுதியில் உருவான அவரது பொறி பி.பி.சி.யின் ஒலித்தட்டு நூலகத்துக்குள் சென்றது. பின்னர் உலகின் பல ஆவணக் காப்பகங்களிலும் இடம்பெற்றது. அதன் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தட்டு ஒரு மேசையில் சுழலும். தூரிகை ஒன்று நீர்மத்தைப் பரப்பிப் பள்ளத்தைத் தேய்க்கும். பிறகு ஊசிக்கை போன்ற ஒரு குழாய்க்கை தட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நகரும். குழாயின் வாய் மிகச் சிறியது. ஒரு நேரத்தில் ஒருசில வரிகளை மட்டுமே உறிஞ்சும். குழாய்வாய் தட்டைக் கீறிவிடாமல் இருக்க இரண்டுக்கும் இடையே ஒரு நூல் இருக்கும். இந்த நூலில்தான் நுட்பம் உள்ளது. நூல்கண்டிலிருந்து அது இடைவிடாது நகர்ந்துகொண்டே இருக்கும். தட்டைத் தொட்ட பகுதி அழுக்குடன் உறிஞ்சப்பட்டுப் போக, புதிய நூல் அவ்விடத்துக்கு வரும். ஒரு தட்டின் அழுக்கு மற்றொரு தட்டைத் தொடுவதே இல்லை. தையற்காரரின் மேசையில் கிடக்கும் பொருளைக் கொண்டு தீர்க்கப்பட்ட பொறியியல் சிக்கல் இது.

இப்பொறி விலை மிக்கது, தனியாருக்கு எட்டாதது. 1980களில் அமெரிக்காவின் வி.பி.ஐ. நிறுவனம் வீடுகளுக்கு ஏற்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. குழாய்க்கைக்கு மாற்றாகத் தட்டின் ஆரம் முழுவதையும் ஒருசேர உறிஞ்சும் நீண்ட குழல்; அதன் வாயின் இருபுறமும் வெல்வெட் பட்டைகள். இரண்டு மூன்று சுற்றில் தட்டு உலர்ந்துவிடும். இரைச்சல் காதை அடைக்கும் என்பது ஒருபுறமிருக்க, மெய்யான குறை அந்த வெல்வெட்டில் உள்ளது. மாங்க்ஸின் நூல் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே பட்டை நின்ற இடத்தில் நிற்கிறது. பூஞ்சணத் தட்டு ஒன்றைக் கழுவிய பட்டை அடுத்த தட்டின் மேல் அப்பூஞ்சணத்தையே பூசக்கூடும். ஆகவே இவ்வகைப் பொறி வைத்திருப்போர், மிக அழுக்கான தட்டுகளுக்கு என்று தனிக் குழலும் தனித் தூரிகையும் வைத்துக்கொள்வது நலம்.

மலிவான வழியும் உண்டு. 1975 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் 'ஸ்பின் கிளீன்', ஜெர்மானியக் 'நாஸ்டி' ஆகியவை சிறு தொட்டிகள். தட்டைச் செங்குத்தாக நிறுத்திக் கையால் சுற்றினால் இருபக்கத் தூரிகைகளும் தேய்க்கும். உறிஞ்சுதல் இல்லை என்பதால் வில்சன் சொன்ன மறுபாதி இவற்றில் நிறைவேறுவதில்லை. அன்றியும் பத்துத் தட்டு கழுவிய பின் பதினோராவது தட்டு மூழ்குவது பத்தின் அழுக்கில். இருப்பினும் படலம் கட்டிய தட்டின் முதற்கழுவலுக்கு இத்தொட்டியே உகந்தது என்பது என் கருத்து. பெரும் அழுக்கு இங்கே கழியட்டும்; நுண்ணழுக்கை உறிஞ்சு பொறி பார்த்துக்கொள்ளும். நேரே உறிஞ்சு பொறியில் ஏற்றினால் பொறிதான் பாழாகும்.

அண்மைக்காலத்தில் மீயொலிப் பொறிகள் வந்துள்ளன. செவிக்கு எட்டாத அதிர்வு நீரில் எண்ணற்ற நுண்குமிழ்களை எழுப்ப, அவை வெடிக்கும் விசையில் அழுக்கு பெயர்கிறது. தூரிகை புகாத ஆழத்திலும் இது வேலை செய்யும். ஆனால் தடித்த பிசுக்குக்கு இது முதல் மருந்து அன்று. நீர் விரைவில் கலங்கிவிடும். அதிர்வால் சூடும் ஏறும். சூடு ஏறினால் வினைல் வளையும். விலையோ நல்ல பொறிக்கு இலட்சங்களில்.

கருவியைப் போலவே நீரும் முக்கியமானது. நம் கடலோர ஊர்களின் கிணற்று நீரில் உப்பு மிகுதி. அதில் கழுவிக் காயவிட்ட தட்டின் பள்ளத்தில் உப்புப் படிகங்களே எஞ்சும். வாலைவடிநீர் வேண்டும், அதில் ஈரமூட்டும் சோப்பு நீர்மம் ஓரிரு துளிகள் போதும், பின்னர் சோப்பற்ற வடிநீரில் மீண்டும் அலச வேண்டும். பிசுக்குக்குச் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. வினைல் அதைத் தாங்கும்; அரக்குத் தட்டு தாங்காது. ஆல்கஹாலில் அரக்கு கரையும், தட்டிலுள்ள குரலும் அதனோடு கரையும். பரணில் இரண்டு வகையும் கலந்து கிடப்பதால் எதைத் தொடுமுன்னும் எடையையும் சுழற்சி எண்ணையும் பார்க்க வேண்டும். கனமாக, விறைப்பாக, 78 என்று குறிப்பிட்டிருந்தால் பெரும்பாலும் அரக்கு. ஐயமிருந்தால் ஆல்கஹாலைத் தவிர்த்துவிடலாம்.

நடுவிலுள்ள தாள்முத்திரை நனையாமல் இருக்க இருபுறமும் மூடி பொருத்துவது இன்றியமையாதது. பாடகர் பெயர், தட்டு எண், நிறுவனம் ஆகியவை அத்தாளில்தான் உள்ளன. உறை எப்போதோ தொலைந்திருக்கும். பூஞ்சணத் தட்டுகளை மூக்கும் வாயும் மூடிய நிலையில் வீட்டுக்கு வெளியே கையாள வேண்டும். அதன் நுண்தூள் மூச்சில் புகுவது நன்றன்று.

1959இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பிக்கெட், லெம்கோ என்னும் இருவர் ஓர் ஆய்வறிக்கை அளித்தனர். லபீப் அஸ்ஸயீத் தம் திட்டத்தை முன்வைத்த அதே ஆண்டு அது. ஒலித்தட்டு வகைகளுள், முறையாக வைத்துக் காத்தால், வினைலே நெடுங்காலம் நிலைக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே நன்கு கழுவிய பிறகும் ஒரு தட்டு பொரிந்து ஒலிக்குமானால் வினைல் தானே அழிந்துவிட்டது என்று கருத வேண்டியதில்லை. கனத்த ஊசியும் அது அழுத்திய தூசும் சுவரில் இட்ட வடுவே பெரும்பாலும் அவ்வாறு ஒலிக்கிறது. அந்த வடுவை எந்தப் பொறியும் ஆற்றாது. சற்றே மாறுபட்ட முனையுள்ள ஊசி, தேயாத மற்றோர் உயரத்தில் பள்ளத்தைத் தொட்டுக் குரலை மீட்டுத் தருவதுண்டு. காப்பகங்களில் கழுவும் பொறியின் அருகே ஊசிகளின் பெட்டி ஒன்றும் இருப்பது அதனால்தான்.