பிற்கால உரோமப் பேரரசின் குதிரையேற்ற மேலங்கிகள்: தோற்றமும் காலமும்

நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் உரோமப் பேரரசர் ஹாட்ரியன் கி.பி. 130இல் நிறுவிய ஆன்டினோபோலிஸ் நகரின் இடுகாடுகளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோண்டியெடுக்கப்பட்ட துணிகளுள், எகிப்திய உடை மரபோடும் உரோம உடை மரபோடும் பொருந்தாத மேலங்கி வகை ஒன்று உண்டு. முன்புறம் மேலிருந்து கீழ்வரை திறந்து, விரல்நுனியைத் தாண்டியும் நீளும் ஒடுங்கிய கைகளும், இடுப்பின் கீழ் அகன்று விரியும் பக்கங்களும் கொண்ட இவ்வுடையை ஆய்வாளர்கள் குதிரையேற்ற மேலங்கி என வழங்குகின்றனர். காஷ்மீர ஆட்டுமயிரை ஒத்த மிக மென்மையான நூலால் நெய்து, நீலம், பச்சை, சிவப்பு எனச் சாயம் ஏற்றி, ஓரங்களில் வண்ணப் பட்டைகளும் பட்டுத்துணியும் வைத்துத் தைத்த இவற்றின் எடுத்துக்காட்டுகள் இன்று பெர்லின், லியோன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒவ்வொரு காலிலும் தனித்தனியே ஏற்றி, மேலே இழுத்துக் கட்டிக்கொள்ளும் கால்மறைப்புகளும் இவற்றோடு சேர்ந்த உடைத்தொகுதியாகவே கருதப்படுகின்றன.

இந்த மேலங்கியின் புதுமை அதன் வெட்டில் இருக்கிறது. உரோம உலகின் அன்றாட உடையாகிய துனிக்கா, கைகளோடு சேர்த்துத் தறியிலேயே உருவம் பெற்றது. நெய்து முடித்ததும் மடித்துப் பக்கங்களைத் தைத்தால் போதும், கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை குறைவு. மேலங்கியோ துணியை வெட்டி, துண்டுகளை இணைத்து, குதிரையின் இருபுறமும் கால்களை அகற்றி அமர்வதற்கு ஏற்றபடி பக்கங்களில் துணி சேர்த்துத் தைத்த உடை. முல்லைப்பாட்டு யவனக் காவலரின் சட்டையைக் குறிக்க ஆளும் ‘மெய்ப்பை’ என்னும் சொல், காலத்தால் இதற்கு முற்பட்டதாயினும், உடம்பு புகுவதற்கென அமைந்த தையல் உடையின் இயல்பை நன்கு உணர்த்துகிறது. இம்மேலங்கிகளில் பயன்பட்ட இன்னொரு நுட்பம் அட்டை நெசவு. இது ஓரங்களில் துளையிட்ட சிறு அட்டைகளின் வழியே பாவுநூலைச் செலுத்தி, அட்டைகளைத் திருப்பித் திருப்பி நெய்யும் முறை. அதில் உருவான உறுதியான பட்டைகள் இம்மேலங்கிகளின் விளிம்புகளைக் காத்தன.

இவற்றின் காலத்தைப் பற்றிய சிக்கல் அகழ்வு முறையிலிருந்தே தொடங்குகிறது. 1896 முதல் பல பருவங்கள் அங்கே அகழ்வு நடத்திய பிரெஞ்சு அறிஞர் ஆல்பேர் கயே, எந்தக் கல்லறையில் எந்தப் பொருள் எதனோடு கிடந்தது என்பதைப் பிற்காலத்தவர் நம்பத்தக்க அளவில் பதிவு செய்யவில்லை. பொருள்களும் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அதனால் காலத்தைச் சொல்லும் நாணயமோ மட்கலமோ துணையின்றி, உடையின் தோற்றம் ஒன்றையே கொண்டு முடிவு செய்ய வேண்டியதாயிற்று. தோற்றம் பாரசீகச் சாயலுடையது. சசானியப் பாரசீகர் எகிப்தைக் கைப்பற்றி ஆண்டதோ 619 முதல் 629 வரை. ஆகவே இவை அந்தப் பத்தாண்டில் வந்த பாரசீகக் குதிரைவீரரின் உடைகள் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அரசியல் வரலாற்றில் தெளிவாகத் தெரிந்த ஓர் ஆண்டைத் துணி வரலாற்றின் மீது ஏற்றிவிட்ட முடிவு இது. எளிமையே அதன் வலிமையாக இருந்தது.

அக்கருத்தை அசைத்தது கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு ஆகும். உயிருள்ள பொருளில் சேரும் கரிமம்-14 அதன் இறப்புக்குப்பின் சீரான வேகத்தில் குறைவதை அளந்து காலத்தைக் கணிக்கும் இம்முறை, ஒரே ஆண்டைச் சுட்டாமல், இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் இடையில் என்ற நிகழ்தகவு எல்லையையே தரும். அன்றியும் அது குறிப்பது ஆட்டிலிருந்து மயிர் பிரிந்த காலத்தையேயன்றி, உடுத்தவர் புதையுண்ட காலத்தை அன்று. இவ்விரு வரம்புகளையும் மனத்திற்கொண்டே பார்த்தாலும், ஆன்டினோபோலிஸ் மேலங்கிகளுக்குக் கிடைத்த கணிப்புகள் 5ஆம் நூற்றாண்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை பரவிக் கிடக்கின்றன. பத்தே ஆண்டு நீடித்த ஆட்சிக்குள் இந்தப் பரப்பை அடக்க இயலாது. பாரசீகப் படை வருவதற்கு முன்பே எகிப்தில் இவ்வுடை வழக்கில் இருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியாயின் இது எங்கிருந்து வந்தது? வேர் கிழக்கில் உள்ளது என்பதில் ஐயமில்லை. பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸின் அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களில் மேதியப் பெருமக்கள், கைகள் வெறுமையாகத் தொங்கத் தோளில் போர்த்தியிருக்கும் நீண்ட அங்கி, கிரேக்கர் காண்டிஸ் என்றழைத்த உடை. கையைவிட நீண்ட அங்கிக் கைக்குள் கரங்களை மறைத்துக்கொள்வது மன்னர் முன்னிலையில் காட்டும் பணிவு. அவ்வாறு செய்யாத உறவினர் இருவரைப் பாரசீக இளவரசர் இளைய சைரஸ் கொல்வித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதுகிறார். ஆயுதம் பிடிக்க இயலாதபடி கையைக் கட்டிவைக்கும் நீளம் அது. அந்த நீளம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எகிப்தின் கல்லறைத் துணிகளிலும் தொடர்வது, வடிவங்கள் பயன் மாறியும் வாழக்கூடியவை என்பதற்குச் சான்று. இடைப்பட்ட காலத்துக்குச் சிரியாவிலுள்ள பால்மைரா நகரக் கல்லறைச் சிற்பங்களும், 244–245இல் வரையப்பட்ட தூரா-யூரோபோஸ் யூதத் தொழுகைக்கூட ஓவியங்களும் சாட்சியாகின்றன. அங்கே உரோம எல்லைக்குள்ளேயே கால்சட்டையும் பாரசீகப் பாணிச் சட்டையும் அணிந்த மாந்தர் இடம்பெறுகின்றனர். வட இந்தியாவின் மதுராவில் கிடைத்த, குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் தலையற்ற சிலையில் உள்ள அகன்ற அங்கியும் கனத்த காலணியும் நடு ஆசியப் புல்வெளிக் குதிரைப் பண்பாட்டின் தெற்குக் கிளையைச் சேர்ந்தவை.

உரோமச் சமூகம் இவ்வுடையை எதிர்ப்போடுதான் ஏற்றது. 4ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் உரோம் நகரத்துக்குள் கால்சட்டை அணிவதைப் பேரரசர் ஹொனோரியஸின் சட்டம் தடுத்தது. 416இல் நீண்ட தலைமயிருக்கும் தோல் உடைக்கும் தடை வந்தது. தடை திரும்பத் திரும்ப விதிக்கப்பட்டதே வழக்கம் வேரூன்றிவிட்டதைக் காட்டுகிறது. 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் தேரோட்டப் போட்டியில் நீலக் கட்சியைச் சேர்ந்த இளைஞர்கள் புல்வெளி நாடோடிகளான ஊணரின் பாணியில் உடுத்தித் திரிந்ததை வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் வெறுப்போடு குறிப்பிடுகிறார். இவற்றைவிட வலுவான சான்று, 600ஐ ஒட்டி எழுந்ததும் மௌரிக்கியோஸ் பேரரசரின் பெயரால் வழங்குவதுமான ‘ஸ்ட்ராட்டெஜிகோன்’ என்னும் போர்நூலில் உள்ளது. குதிரைவீரரின் சட்டைகள் அவார் என்னும் புல்வெளிக் குதிரை மக்களின் முறைப்படி அகலமாக, சவாரியின்போது முழங்காலை மூடும்படி அமைய வேண்டும் என்றும், இரும்பு வலைக் கவசத்தையும் வில்லையும் மழையிலிருந்து காக்க அகன்ற கைகளுடைய கம்பள மேலங்கி வைத்திருக்க வேண்டும் என்றும் அந்நூல் பணிக்கிறது. அகன்ற கை ஆன்டினோபோலிஸின் ஒடுங்கிய கையோடு ஒத்ததன்று. எனவே இரண்டும் ஒரே உடை எனக் கூற முடியாது. ஆயினும் கிழக்கு வெட்டுடைய சவாரி உடை 619க்கு முன்பே உரோமப் படையின் முறையான தேவையாகிவிட்டது என்பது இதனால் உறுதியாகிறது.

பாரசீகம் மட்டுமே மூலம் என்பதையும் இச்சான்றுகள் ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன. ஊணர், அவார், பாரசீகர் எனப் பல வாயில்களின் வழியே வந்து கலந்த ஒரு பாணியை, மென்மயிர்த் துணியும் பட்டும் வாங்கத்தக்க செல்வம் படைத்த எகிப்திய நகரத்தார் தமதாக்கிக்கொண்டனர் என்பதே சான்றுகளுக்கு நெருங்கிய விளக்கம். படையெடுப்பாளரின் சடலத்தோடு வந்த அயல் உடையாக இவற்றைக் காட்டும் பழைய விளக்கத்தை இனியும் தொடர்வது தவறு. இவை பிற்கால உரோம எகிப்தின் உடைகள், 619ஆம் ஆண்டு இவற்றின் தொடக்கம் அன்று.