மருத்துவச்சிப் பராமரிப்பு: குமரி மாவட்டம்

மருத்துவச்சிப் பராமரிப்பு என்பது, கருவுற்றது முதல் பேறு கழிந்து தாயும் பிள்ளையும் தேறும் வரை, பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவரே முதன்மைப் பொறுப்பேற்றுத் தாயைப் பேணும் முறை. சிக்கல் தென்பட்டால் மட்டும் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்புவார். குமரி மாவட்டத்தில் இப்பணி மரபு மருத்துவச்சி, மிஷன் மருத்துவமனை, திருவிதாங்கூர் அரசு, கிராம சுகாதார செவிலியர் எனப் பல கை மாறி வந்துள்ளது.

பெயர்

பேறு பார்ப்பவரை இங்கு மருத்துவச்சி, பதிச்சி, வயிற்றாட்டி என்பர். பின்னிரு சொற்களும் மலையாளத்திலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரிலும் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததன் தடம் அது.

மரபு

மருத்துவர் என்ற சமூகத்துப் பெண்கள் வழிவழியாக வீடு தேடிச் சென்று பேறு பார்த்தனர். வலி கண்டதும் வந்து, பிள்ளையைக் கையிலேந்தி, நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்தனர். பின்னர் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, தாய்க்கு வேதுநீர் ஊற்றுவது, பேற்று மருந்தும் தென்னம்பூ லேகியமும் கொடுப்பது எனப் பல நாள் அவர்களின் பணி நீண்டது. ஊரே அறிந்த அந்தக் கைகளுக்குக் கிடைத்த கூலியும் மதிப்பும் சொற்பம்.

இந்த முறைக்கு எல்லை இருந்தது. உதிரப்போக்கு, சன்னி, தொற்று ஆகியவற்றைத் தடுக்க மருத்துவச்சியிடம் வழியில்லை. இம்மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுச் சாலையோரச் சுமைதாங்கிக் கற்கள் அதனால் நேர்ந்த உயிரிழப்பின் சாட்சிகள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவை நடப்பட்டன. வழிப்போக்கர் தலைச்சுமையை அவற்றில் இறக்கி இளைப்பாறினால், இறக்க முடியாத சுமையோடு போனவளின் ஆன்மா ஆறும் என்பது நம்பிக்கை.

மருத்துவமனைகளின் வருகை

லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நாகர்கோவிலில் இரட்சணிய சேனை 1890களில் ஆரம்பித்த சிறு மருந்தகம், பின்னர் கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. திருவிதாங்கூர் அரசுத் தரப்பில், 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்த மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ், மரபு மருத்துவச்சிகளை ஒதுக்காமல் அவர்களின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்தார். 1938-இல் அவர் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார்.

இன்றைய அமைப்பு

மக்கள் ‘நர்சம்மா’ என்றழைக்கும் கிராம சுகாதார செவிலியரே இப்போது முதல் தொடர்பு. அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேரும் மலைப்பகுதியில் 3,000 பேரும் என்பது விதி. வயல், கடற்கரை, பேச்சிப்பாறை மலைப்பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புகள் என இரு வகை நிலமும் இம்மாவட்டத்தில் உண்டு. கர்ப்பத்தைப் பதிவு செய்வது, எடை, இரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை வழங்குவது, பிரசவத்துக்குப்பின் வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் அவர் பணி. கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987-இல் தொடங்கியது. 2018-இல் அது 18,000 ரூபாயானது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிச் செவிலியர்கள் இரவும் பகலும் பிரசவம் பார்க்கின்றனர். சிக்கலானவை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றன. உயிருடன் பிறக்கும் ஒரு இலட்சம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 2001–03-இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20-இல் 54 ஆனது. அப்போது இந்திய அளவு 97.

அறுந்த தொடர்ச்சி

இந்த வெற்றிக்குள் ஒரு குறை இருக்கிறது. மாதாமாதம் பார்த்த நர்சம்மா பிரசவ அறையில் இருப்பதில்லை. பிரசவம் பார்த்த செவிலியர் பிறகு வீட்டுக்கு வருவதில்லை. வலியின் உச்சத்தில் தாய் அறியாத முகங்களுக்கு நடுவே கிடக்கிறாள். அறுவைப் பிரசவமும் பெருகியுள்ளது: ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 44.9 விழுக்காடாக இருந்தது.

மருத்துவச்சி தலைமைப் பிரிவு

இந்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, செவிலியர்க்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியையும், மருத்துவமனை வளாகத்திலேயே மருத்துவச்சி தலைமையிலான பிரிவுகளையும் முன்வைத்தது. தெலங்கானா 2017-லேயே இத்தகைய பயிற்சியைத் தொடங்கியிருந்தது. மருத்துவச்சி தலைமையிலான பிரிவில் தாய் நடக்கலாம், குந்தலாம், பக்கவாட்டில் படுக்கலாம். துணைக்கு ஒருவர் உடனிருக்கலாம். தேவையின்றிப் பிறப்புவாயைக் கீறுவதில்லை. பிறந்ததும் பிள்ளை தாயின் மார்பில் கிடத்தப்பட்டு, முதல் மணிநேரத்துக்குள் பால் குடிக்கிறது. உயர் இரத்த அழுத்தம், உதிரப்போக்கு, இரட்டைப் பிள்ளை போன்றவை மருத்துவர் பொறுப்புக்குப் போகும்.

17,674 பெண்களை உள்ளடக்கிய 15 ஆய்வுகளை 2016-இல் தொகுத்த காக்ரேன் அமைப்பின் ஆய்வு, ஒரே மருத்துவச்சிக் குழுவின் தொடர் பராமரிப்பில் குறைமாதப் பிரசவமும் கருவி வைத்து எடுக்கும் பிரசவமும் குறைவதைக் கண்டது.

பதிச்சியிடம் மருந்தும் தூய்மையும் குறைவு. ஆனால் தொடக்கம் முதல் தேறும்வரை உடனிருந்தாள். மருத்துவமனை உயிரைக் காக்கிறது. ஆனால் பழகிய முகத்தை வாசலில் நிறுத்திவிடுகிறது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியை நர்சம்மாவின் ஊர்ச்சுற்றுக்கும் பிரசவ அறைக்கும் பொதுவாக்குவதே இரண்டையும் ஒருங்கே தரும் வழி.