பரங்கிப்பேட்டை: மூணு பேர் வச்ச ஒரு துறைமுகம் (இழை)

1/ ஓ.பி.யில் ஒரு பெரியவர். "எந்த ஊருங்க ஐயா?"ன்னு கேட்டேன். "போர்ட்டோ நோவோ" என்றார். சீட்டில் பரங்கிப்பேட்டை. பேரன் ஃபோனில் யார்கிட்டயோ "பி.என்.ஓ.ல இருந்து வந்திருக்கோம்" என்கிறான். எல்லாம் ஒரே ஊர்தான். நான் வரலாறு படிச்சவன் இல்லை, வெறும் எம்.பி.பி.எஸ். ஆனா அன்னிக்குத் தேட ஆரம்பிச்சது இந்த இழையில வந்து நிக்குது.

2/ கடலூர்–சிதம்பரம் ரோட்டில் பி.முட்லூரில் கிழக்கே திரும்பணும். ஊருக்குக் கிழக்கே கடல், தெற்கே வெள்ளாறு. ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்தான் பழைய துறைமுகம். ஆத்துக்கு அந்தப் பக்கம், காயலுக்கும் கடலுக்கும் நடுவுல எம்.ஜி.ஆர். திட்டுன்னு ஒரு சின்ன மணல் தீவு. அதைக் கடைசியில சொல்றேன்.

3/ 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தாங்க. "போர்டோ நோவோ" என்றால் அவங்க மொழியில் புதுத் துறைமுகம். நம்ம ஆட்கள் அவங்களைப் பரங்கி என்றதால் பரங்கிப்பேட்டை. (காய்க்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை!) முஸ்லிம்கள் வச்ச பேர் மஹ்மூது பந்தர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். டாக்டரா ஒரு தகவல்: சிஃபிலிஸ் நோய்க்குத் தமிழில் பரங்கிப்புண்ணுன்னு பேர். கப்பலில் சரக்கு மட்டும் வரலை.

4/ டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாம் 17ஆம் நூற்றாண்டில் இங்கே கடை விரிச்சாங்க. ஆனா அவங்களுக்குப் போட்டியா சொந்தக் கப்பல் ஓட்டினவங்க மரைக்காயர்கள். இங்கிருந்து துணி, மலாக்கா, கெடா, அச்சே வரை போச்சு. இந்த ஊர் பேரிலேயே ஒரு தங்க வராகன் புழங்கியது.

5/ செல்வம் இருந்தா கொள்ளையும் வரும். 1780இல் ஹைதர் அலியின் படை ஊரைச் சூறையாடியது. அடுத்த வருஷம் ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், கோட்டை மாதிரி காவல் போட்டிருந்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோத்தார். பின்வாங்கி இங்கே வந்தார். 1781 ஜூலை 1, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹைதர் படையை இங்கே தோற்கடித்தார். அவருக்குப் பின்னால் கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் நின்றன.

6/ 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்கு மரக்கரி. காடு குறையக் குறையக் கரி விலை ஏறியது, 1860களில் மூடிட்டாங்க.

7/ "இந்த இரும்பில்தான் இங்கிலாந்தின் மெனாய் பாலம் கட்டினாங்க"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826. ஆலை அதுக்கு அப்புறம்தான். அதே நீரிணையில் 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு வேணா பொருந்தும். தேதி பார்க்காம ஷேர் பண்ணாதீங்க மக்களே.

8/ வந்தவங்க எல்லாரும் லாபத்துக்கு வரலை. டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மேரி பீட்டர்சன் காந்தியின் வழியில் இங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1921இல் அடிக்கல் நாட்டினது காந்தியேதான். சேவா மந்திர்னு சொன்னா ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

9/ கப்பல்கள் பெருசாச்சு, ஆழமில்லாத முகத்துவாரம் அவங்களுக்குப் பத்தலை. வியாபாரம் போச்சு. இப்போ சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போறது பிள்ளைங்க. முகத்துவாரத்தை இன்னிக்கும் தினம் கவனிக்கிறது மீனவர்களும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும்தான்.

10/ 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. எம்.ஜி.ஆர். திட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல்; ஓட இடமில்லை. குடியிருப்பே அழிஞ்சது. பிழைச்சவங்க கிள்ளைப் பக்கம் குடிபெயர்ந்தாங்க. சுத்துவட்டார மீனவக் குப்பங்களிலிருந்து ஓடி வந்தவங்களுக்கு இடம் கொடுத்து, சமைச்சுப் போட்டது பரங்கிப்பேட்டை ஜமாஅத். அரசு உதவி வந்து சேரும் முன்பே அடுப்பு எரிஞ்சது. யாரும் மதம் கேட்கலை.

11/ ஊருக்குப் பேர் வச்சவங்க எல்லாம் கடல் வழியா வந்து போயிட்டாங்க. ஆனா கரைக்கு வந்தவனை உள்ளே சேர்த்துக்கிற பழக்கம் இந்த ஊரிலேயே தங்கிடுச்சு. எனக்கு இந்த ஊரின் வரலாறு அதுதான்.

12/ பெரியவருக்கு பி.பி. இப்போ கட்டுக்குள்ள இருக்கு. அடுத்த தடவை வரும்போது எம்.ஜி.ஆர். திட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்னிருக்கார். ஊர்க்காரங்க யாராவது படிச்சா, உங்க வீட்டுப் பெரியவங்க சொன்னதை இங்கே கீழே எழுதுங்க. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வச்சுக்கணும்.